கணுவில் ஒளியும் கோளாறு: பழைய கார்களின் மின்பழுது

செல்ஃப் அடித்தால் சோக் கேபிள் சுடுகிறது என்று பழைய அம்பாசடர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னபோது, கூட இருந்த யாரும் நம்பவில்லை. சோக் கேபிளுக்கும் கரன்டுக்கும் என்ன சம்பந்தம்? டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் வெறும் எஃகுக் கம்பி அது. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரை இரண்டு தடவை கழற்றி புஷ், கார்பன் பிரஷ் எல்லாம் மாற்றியாகிவிட்டது. அப்படியும் காலையில் வண்டி முனகி முனகித்தான் எடுக்கும். எடுத்து முடித்த பிறகு சோக் குமிழில் கை வைக்க முடியாது.

காரணம் என்ஜினுக்கு அடியில் இருந்தது. என்ஜின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். நண்பரின் வண்டியில் அந்தப் பட்டையின் ஒரு நுனி களிம்பேறி, எண்ணெய்ப் பிசுக்கு மூடி, பெயருக்குத்தான் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் மோட்டார் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். ராஜபாட்டை அடைபட்டதும் அது சந்து தேடியது. என்ஜினையும் பாடியையும் இணைத்த வேறு உலோகம் சோக் கேபிளும் ஆக்சிலேட்டர் கம்பியும்தான். பட்டையை எடுத்து, இரு முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதும் வண்டி முதல் அடியில் எடுத்தது. புதிய பேட்டரிக்கும் செல்ஃப் வேலைக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான்.

பழைய கார்களின் மின்பழுதுகளைப் பற்றி நான் படித்ததும் பட்டறைகளில் நின்று பார்த்ததும் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்கே கொண்டுவந்து விடுகின்றன. கோளாறு பொருள்களில் இருப்பதைவிடப் பொருள்களைக் கோக்கும் கணுக்களில்தான் அதிகம் இருக்கிறது. அதிலும் மின்சாரம் போகும் பாதையைவிடத் திரும்பும் பாதையில் அதிகம். அதைக் கண்டுபிடிக்கும் வழி பொருளை மாற்றிப் பார்ப்பதல்ல, வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளந்து பார்ப்பது. தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் இன்றைக்கும் நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் நடப்பது பொருள் மாற்றுவதுதான்.

லூகாஸின் கெட்ட பெயர்

பழைய கார் என்று இங்கே நான் சொல்வது கம்ப்யூட்டர் நுழைவதற்கு முந்திய வண்டிகளை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து 2014 வரை தயாராகிவந்த அம்பாசடர், மும்பை குர்லாவில் ஃபியட் 1100-இன் வார்ப்பில் வந்த பிரீமியர் பத்மினி, 1960-களில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை நமக்கு நெருக்கமானவை. பிரிட்டிஷ் வழியில் வந்த வண்டிகளின் மின்சாதனங்களுக்கு ஊற்று பிர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம். அது டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து 1961-இல் தொடங்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். தமிழ்நாட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளின் பலகைகளில் டைனமோ, செல்ஃப் மோட்டார் படங்களோடு அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கார் ரசிகர்கள் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் கட்டினார்கள். விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம். இந்தக் கேலியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நிறுவனத்தின் டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் செல்ஃப் மோட்டாரும், பிரஷ்ஷும் புஷ்ஷும் மட்டும் மாற்றிக்கொண்டு, ஐம்பது அறுபது வருடம் உழைத்திருப்பதை எந்தப் பழைய மெக்கானிக்கும் சொல்வார். தோற்றுப்போனது வேறு. ஒயர்களைச் சேர்க்க ரப்பர் உறைக்குள் செருகும் தோட்டா வடிவக் கனெக்டர்களை ஒரு வண்டிக்கு டஜன் கணக்கில் போட்டார்கள். திரும்பும் பாதைக்குத் தனி ஒயர் போடாமல் காரின் தகட்டையே ஒயராக நம்பினார்கள். தகடு துருப்பிடித்தால் ஒயர் அறுந்த மாதிரிதான். ஃபியட்டும் ஃபோக்ஸ்வாகனும் இதையேதான் செய்தன. பத்மினியின் உருளை வடிவப் பீங்கான் ஃபியூஸ்கள் நன்றாகவே இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்விகள் பச்சை பிடித்து ஹார்னை நிறுத்தும். ஃபியூஸை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஹார்ன் பேசும். மறுநாள் மறுபடி ஊமையாகும்.

ஜெர்மன் வண்டிகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960-களின் பிற்பகுதிவரை 6 வோல்ட்டில் ஓடியது. அதே வாட் விளக்கை 6 வோல்ட்டில் எரிக்க இரு மடங்கு ஆம்பியர் வேண்டும். ஆகவே அதே அழுக்குக் கணு இரு மடங்கு வோல்ட்டைத் தின்னும். மொத்த வோல்ட்டோ பாதிதான். விகிதத்தில் பார்த்தால் நஷ்டம் நான்கு மடங்கு. 12 வோல்ட் வண்டியில் லேசான மங்கலாகத் தெரிவது 6 வோல்ட் வண்டியில் பாதி இருட்டு. 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் விளக்கு போதவில்லை என்று பெரிய பல்பு போடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

நிறங்கள் சொல்லும் வழி

ஒரு பழைய லூகாஸ் ஒயரிங்கைத் திறந்து பார்ப்பவர் முதலில் மிரள்வார். ஆனால் அதில் ஒரு இலக்கணம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடு இருப்பது, ஃபியூஸ் இல்லாதது. வெள்ளை என்றால் சாவி போட்டதும் உயிர் பெறுவது, அதற்கும் ஃபியூஸ் இல்லை. பச்சை அந்த வெள்ளையே ஃபியூஸ் தாண்டி வந்தது. பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், மீட்டர்கள் எல்லாம் பச்சையில்தான். ஊதா, ஃபியூஸ் தாண்டி வந்த பழுப்பு. ஹார்னும் உள்விளக்கும் அதில். சிவப்பு பக்க விளக்குகளுக்கும் பின் விளக்குகளுக்கும், நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. ஒயரின் மேல் ஓடும் மெல்லிய இரண்டாம் நிறக் கோடு கிளையைச் சொல்லும்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டுக்குப் போவது. ஜெர்மானியர்கள் நிறத்தோடு எண்ணையும் சேர்த்தார்கள். 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த், 50 செல்ஃப். ஃபோக்ஸ்வாகனாக இருந்தாலும் மெர்சிடிஸாக இருந்தாலும் எண் ஒன்றுதான்.

நம் வண்டிகளில் இந்த இலக்கணம் பெரும்பாலும் சிதைந்து கிடக்கிறது. நாற்பது வருடத்தில் பத்துப் பேர் கை வைத்திருப்பார்கள். பச்சை அறுந்த இடத்தில் கையில் கிடைத்த சிவப்பைத் திருகிக் கட்டி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி ஒழுகி, முடிச்சு வெளியே தெரியும். இப்படிப்பட்ட வண்டியில் கோளாறு தேடும் முன் ஒரு நாள் ஒதுக்கி, யாரோ செய்த இந்த ஒட்டுகளை எல்லாம் கண்டுபிடித்து எழுதிவைப்பது நல்லது. பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். 1960-களின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. அது தெரியாமல் பேட்டரியை மாற்றிப் போட்டால் புதிதாக வைத்த ரேடியோவோ செல்போன் சார்ஜரோ ஒரு நொடியில் போய்விடும்.

அளப்பது எப்படி

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அம்பாசடர் அளவுள்ள பெட்ரோல் என்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் ஏதோ ஒரு கிளாம்பில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு, ஒன்றுமேயில்லாத அளவு. 200 ஆம்பியர் அதில் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. 400 வாட் சூடாக மாறுகிறது. சிறிய இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஏறத்தாழ பாதி. செல்ஃப் அடித்த கையோடு பேட்டரி கிளாம்புகளைத் தொட்டுப் பார்க்கும் பழைய எலக்ட்ரீஷியன் இதைத்தான் தேடுகிறார். எந்தக் கணு சுடுகிறதோ அது குற்றவாளி. கணக்குத் தெரியாமலே கை அறிந்த இந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதே 0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பிடிக்க முடியாது. மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே அதைவிடப் பத்து மடங்கு தடை இருக்கும். வண்டி நிற்கும்போது வோல்ட் பார்த்தாலும் பயனில்லை. கரன்ட் ஓடாதபோது தடை எதையும் தின்பதில்லை, எல்லா இடத்திலும் 12.6 காட்டும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். 'மீட்டர் வைத்துப் பார்த்தேன், கரன்ட் சரியாக வருகிறது, மோட்டார்தான் போச்சு' என்பார்கள். கணு ஒன்று களிம்பேறி மிகச் சொற்பமான கரன்ட்டை மட்டுமே விடும் நிலையில் இருந்தாலும் டிஜிட்டல் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். அது இழுக்கும் கரன்ட் அவ்வளவு சொற்பம். அங்கே ஒரு 21 வாட் பல்பைப் பொருத்திப் பாருங்கள், மினுங்கக்கூட மாட்டாது. அதனால்தான் இரண்டு ஒயரும் ஒரு பல்பும் கொண்ட டெஸ்ட் லாம்ப் மீட்டரைவிட உண்மை பேசும் நேரங்கள் உண்டு. கம்ப்யூட்டர் உள்ள புது வண்டிகளில் அதை வைத்துக் குத்தக் கூடாது என்பது சரி. பழைய வண்டிக்கு அதைவிட நல்ல தோழன் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது, சுமை ஏற்றி இழப்பை அளப்பது. காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றும். ஒருவர் சாவியைப் பிடித்திருக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும். சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மேல் இழுக்கிறது. 11-க்குப் பக்கத்தில் நின்றும் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் வோல்ட் வழியில் எங்கோ திருடுபோகிறது. அடுத்து, நெகட்டிவ் எர்த் வண்டியென்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணிலும் மறுமுனையை மோட்டாரின் டெர்மினலிலும் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். கிளாம்பில் வைக்கக் கூடாது, தூணிலேயே வைக்க வேண்டும். தூணுக்கும் கிளாம்புக்கும் இடையில்தான் பல நேரம் திருடன் இருக்கிறான். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறையில்லை. பிறகு அதே அளவை மோட்டாரின் உடலிலிருந்து நெகட்டிவ் தூணுக்கு. நண்பரின் சோக் கேபிள் மர்மத்தை இந்தக் கடைசி அளவு ஒன்றே ஒரு நிமிடத்தில் உடைத்திருக்கும்.

விளக்கு, ஹார்ன், வைப்பர் எதுவானாலும் இதே முறைதான். பொருள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், மீட்டர் ஒவ்வொரு கணுவாகத் தாண்டிப் போக வேண்டும். ஒரு நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. எர்த் பாதை மொத்தத்துக்கும் 0.2 தாண்டினால் உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான். இருதய நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்காமல் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும்.

டைனமோவின் கணக்கு

'பேட்டரி நிற்கவில்லை' என்பது பழைய கார்க்காரர்களின் நிரந்தரப் புலம்பல். இதில் பாதி, கோளாறே இல்லை. லூகாஸின் சி40 டைனமோ முழு வேகத்தில் சுற்றினால் 22 ஆம்பியர் தரும். மழை இரவில் ஹெட்லைட் இரண்டுக்கும் ஏழெட்டு ஆம்பியர், பக்க விளக்குகளுக்கு இரண்டு, வைப்பருக்குச் சுமார் மூன்று, காயிலுக்கு மூன்று நான்கு. பிரேக் மிதிக்கும்போது இன்னும் மூன்றரை. கூட்டிப் பார்த்தால் டைனமோ கொடுப்பது ஏறத்தாழ முழுதும் அப்போதே செலவு. ஐடிலில் அது ஏறத்தாழ எதுவும் தராது. சிவப்பு இக்னிஷன் விளக்கு மங்கலாக எரிவது அந்த வேகத்தில் இயல்பு. அக்காலத்தில் வண்டிகள் ஊர் விட்டு ஊர் ஓடின, சார்ஜ் ஏறியது. இன்று அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் 100 வாட் ஹாலஜன் இரண்டும் மியூசிக் சிஸ்டமும் வைத்துவிட்டுப் பேட்டரிக் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த இரண்டு பல்பு மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது.

உண்மையிலேயே சார்ஜ் இல்லையென்றால் குற்றம் டைனமோவிலா, கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் இருக்கும் பெட்டியிலா என்று பிரிப்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு டெர்மினல். இரண்டின் ஒயரையும் கழற்றிவிட்டு, இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அதற்கும் பாடிக்கும் இடையில் வோல்ட் மீட்டர் வைத்து என்ஜினை ஐடிலில் இருந்து மெல்ல ஏற்ற வேண்டும். முள் சரசரவென்று ஏறினால் டைனமோவுக்கு உயிர் இருக்கிறது. 20 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஓட்டினால் உள்ளிருக்கும் சுருள் வெந்துவிடும். அசைவே இல்லையென்றால் பிரஷ்களைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு சுருள்மேல் சந்தேகம், நாலைந்து வோல்ட்டோடு நின்றால் ஆர்மேச்சர்மேல். டைனமோ நன்றாக இருந்தால் பெட்டியைத் திறந்து பாயின்ட்டுகளையும் அந்தப் பெட்டியின் எர்த் திருகையும் பார்க்கலாம். எர்த் திருகு தளர்ந்த ரெகுலேட்டர் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்குச் சார்ஜ் ஏற்றும். மறுபடியும் கணுதான்.

வழியில் நிற்கும் வண்டி

ஸ்பார்க் பக்கத்துக் கோளாறில் கணுக் கதை கொஞ்சம் மாறுகிறது. இங்கே உண்மையிலேயே தேயும் பொருள்கள் உண்டு: பாயின்ட், கன்டென்சர், ரோட்டார், கேப். டெஸ்ட் லாம்ப்பைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையில் போட்டுச் செல்ஃப் அடித்தால் விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். விடாமல் எரிந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது மூடியும் எர்த் ஆகவில்லை. எரியவே இல்லையென்றால் காயிலுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது காயில் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது, அல்லது பாயின்ட்டின் இன்சுலேஷன் வாஷரை யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். பாயின்ட் முகம் நீலம் பாரித்துக் கருகியிருந்தால் கன்டென்சரைச் சந்தேகிக்கலாம்.

என் தகப்பனார் வைத்திருந்த வண்டி ஒரு கோடையில் திண்டிவனத்துக்கு இப்பால் திரும்பத் திரும்ப நின்றது. வேகம் எடுத்தால் ஓடும், ஆக்சிலேட்டரை விட்டால் இருமும், சில நேரம் செத்துவிடும். ஒரு பட்டறையில் காயில் மாற்றினார்கள், இன்னொன்றில் கன்டென்சர், மூன்றாவதில் பெட்ரோல் பம்பு. நான்காவது இடத்தில் ஒரு பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே அடித்தகட்டிலிருந்து உடலுக்குப் போகும் நூல் போன்ற எர்த் ஒயரை விரல் நகத்தால் இழுத்துக் காட்டினார். உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. வாக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தகடு சுழல்கிறது, ஒயர் மடங்குகிறது. ஒரு நிலையில் இரண்டு நுனியும் தொடும், இன்னொரு நிலையில் விலகும். பெரியவர் மெல்லிய பின்னல் ஒயர் துண்டு ஒன்றை ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வண்டி அப்படி நின்றதில்லை. கூலி என்று அவர் வாங்கியது ஒரு பிளக்கின் விலைகூட வராது.

கோடையில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. வண்டி சூடேறி நிற்கிறது, அரை மணி நேரம் நிழலில் விட்டால் எடுக்கிறது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டாலும் இதே அறிகுறி. காயில் சூட்டில் உள்ளே விட்டுப்போனாலும் இதே அறிகுறி. ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் போடும் வழக்கம் நமக்கு உண்டு. துணி போடும் முன், நின்ற அந்த நிமிடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி என்ஜினில் சாய்த்து ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீரும். ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் பக்கம், இல்லையென்றால் மின் பக்கம். ஆறிய பிறகு எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

மங்கும் விளக்கு, பொய் சொல்லும் முள்

பல்பின் ஒளி வோல்ட்டோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. வோல்ட் பத்துச் சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். பழைய கார்களின் ஹெட்லைட் கரன்ட் முழுதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும் காலடி டிப்பர் வழியாகவும் சுற்றி வருகிறது. ஒவ்வொரு கணுவிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. பல்பை மாற்றும் முன் பல்பின் காலடியில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்த்துவிட்டால் போதும். பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து ரிலே போட்டு நேரடியாகக் கொடுத்தால், பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தூண்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குவது, ஒரு பக்கம் பின் விளக்கு போட்டால் மறுபக்கம் மங்குவது போன்ற விசித்திரங்களைப் பார்த்து ஒயரிங் முழுக்க ஷார்ட் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்த விளக்குக் கூண்டின் ஒரே ஒரு எர்த் திருகுதான் காரணம். எர்த் கிடைக்காத கரன்ட், இரட்டை இழை பல்பின் மற்ற இழை வழியாகப் பின்னோக்கிப் போய் அடுத்த விளக்கின் வழியே எர்த்தைத் தேடுகிறது.

பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் பொய் சொன்னால் இரண்டு மீட்டரையும் கழற்ற வேண்டாம். பிற்காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் இரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும் சிறிய ஸ்டெபிலைசர் டப்பா ஒன்று டாஷ்போர்டின் பின்னால் இருக்கும். இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போனால் அந்த டப்பாவுக்கு எர்த் இல்லை என்று முதலில் சந்தேகிக்கலாம்.

இரவில் தானாக இறங்கும் பேட்டரிக்கும் வழி உண்டு. எர்த் ஆகும் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் தூணுக்கும் இடையில் டெஸ்ட் லாம்ப் போட வேண்டும். கடிகாரம் இல்லாத பழைய வண்டியில் அது எரியவே கூடாது. எரிந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் இரண்டே ஃபியூஸ் உள்ள லூகாஸ் அமைப்பில் அதைத் தாண்டியும் தேட வேண்டும். ஒட்டிக்கொண்ட கட்-அவுட் பாயின்ட் வழியே பேட்டரி டைனமோவுக்குள் வடிவது அங்கே வழக்கமான கசிவு.

மாற்றலாமா, காக்கலாமா

இந்த விவாதம் பழைய கார்க்காரர்களிடையே ஓய்வதில்லை. எல்லாம் மூலப்படியே இருக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், எல்.இ.டி. பல்பு என்று எல்லாவற்றையும் மாற்றுபவர்கள் மறுபக்கம். தினமும் ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் போடுவதில் தவறில்லை என்பேன். ஐடிலிலும் அது சார்ஜ் தரும். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போடுபவர்கள் பழைய பாயின்ட்டும் கன்டென்சரும் பூட்டிய தகட்டை டிக்கியில் வைத்திருக்கட்டும். எலக்ட்ரானிக் செத்தால் நெடுஞ்சாலையில் ஒன்றும் செய்ய முடியாது, பாயின்ட்டை நக அரம் கொண்டு தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். எல்.இ.டி. போட்டால் பழைய வெப்ப ஃபிளாஷர் துடிக்காது, அது துடிக்கத் தேவையான கரன்ட் அதில் ஓடாது. இப்போது புதிதாக வரும் ரோட்டார்களிலும் கன்டென்சர்களிலும் மட்டமானவை ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஒன்றைப் புதியது என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றி எறிய வேண்டாம்.

முழு ஒயரிங் மாற்றுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. துணி சுற்றிய ரப்பர் உறை ஒயர்கள் தொட்டால் பொடியாக உதிர்ந்தால், அல்லது ஒரு முறை எரிந்த தடம் இருந்தால், மொத்தத்தையும் மாற்றியே ஆக வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பி.வி.சி. உறை நலமாக இருந்தால் ஒயர்களை விட்டுவிட்டுக் கனெக்டர்களை மட்டும் புதுப்பிக்கலாம்.

சமரசமே செய்யக் கூடாத மாற்றம் ஃபியூஸ்தான். அக்கால லூகாஸ் வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் இல்லை, காயிலுக்கு இல்லை, பழுப்பு ஒயருக்கு இல்லை. இருக்கும் இரண்டிலும் '35 ஆம்பியர்' என்று எழுதியிருக்கும். லூகாஸ் கணக்கில் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸை அங்கே செருகினால் ஃபியூஸுக்கு முன் ஒயர் உருகும். எலி கடித்த ஒரே ஒரு பழுப்பு ஒயர் தகட்டில் உரசினால் காரையே கொளுத்திவிடும். பேட்டரிப் பக்கத்தில் ஒரு முக்கிய ஃபியூஸ், ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ், இரவில் பேட்டரியைத் துண்டிக்க ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச். இந்த மூன்றையும் மூலப்படிக் கோட்பாட்டின் பெயரால் மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மீட்டர் எத்தனை வந்தாலும் எந்த வண்டியில் எந்தத் திருகு அடிக்கடி களிம்பேறும் என்பது எழுதப்படாத அறிவாகத்தான் இன்றும் இருக்கிறது. அது அறுபது, எழுபது வயதைத் தாண்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் கையில் இருக்கிறது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. உங்களிடம் பழைய வண்டி இருந்தால், அடுத்த முறை அப்படி ஒருவர் அதைத் தொடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அவர் எந்த ஒயரை எந்த இடத்தில் இழுத்துப் பார்க்கிறார் என்று கவனித்து, ஏன் என்று கேளுங்கள். எர்த் திருகுகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன, எந்த ஒயரின் நிறம் எங்கே மாற்றப்பட்டிருக்கிறது என்று தமிழிலேயே ஒரு தாளில் வரைந்து, தேதி போட்டு, டாஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த பானட்டைத் திறக்கப்போகிறவருக்கு அது வேண்டும்.